சின்னப்பாவின் செட்டில் கோளாறு இல்லை

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். கீழ்ப்பகுதியில் இருப்பவர் சின்னப்பா மாமா. போன மார்ச் மாதத்திலிருந்து அவரைப் பற்றி இணையத்தில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். பேச்சுரிமையின் கழுத்தை நெரித்தவர் என்று சிலர். நிர்வாகத்தின் கைக்கூலி என்று சிலர். ஓட்டை செட் வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறவர் என்று வேறு சிலர். இவர்களில் ஒருவரும் அவரோடு ஒரு டீ குடித்ததில்லை. நான் பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாவது, முடித்துவிட்டு, மேலே என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் இருக்கிறேன். பேச்சுரிமை பற்றி எழுத எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் நடந்தது எனக்குத் தெரியும். அதை யாராவது முதலிலிருந்து கடைசிவரை எழுத வேண்டும்.

மாமாவின் தொழில் மைக்செட். அவருடைய அப்பா திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்து மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். மாமா ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, ஒரு மைக்செட்காரரிடம் குழாய் ஸ்பீக்கர் தூக்கப் போனார். பிறகு சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயர், பிறகு மிக்சர், பிறகு ஆள் உயரப் பெட்டிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலுக்கு அவர் செட். நவம்பரில் மாநிலம் பிறந்த நாளான கன்னட ராஜ்யோத்சவத்துக்கும் அவர் செட். மாதா கோயில் தேருக்கும் அவர்தான். தேர்தல் நேரத்தில் ஒரே வாரத்தில் எதிரெதிர் கட்சிகளுக்குப் போட்டிருக்கிறார். கேட்டால், "செட்டுக்கு இன்னா கட்சி? கரண்ட்டு குடுத்தா பேசும்" என்பார்.

மேடையில் பேசுவது எதுவும் அவர் காதில் ஏறாது. பேச்சைக் கேட்டால் சத்தத்தைக் கவனிக்க முடியாது என்பது அவர் கொள்கை. குரல் உடைகிறதா, காற்று அடிக்கிறதா, பின்வரிசைக்குப் போகிறதா என்பது மட்டும்தான் அவருக்கு. "நேத்து மந்திரி இன்னா பேசினாரு மாமா?" என்று கேட்டால், "நல்ல பேஸ் வாய்ஸு" என்று பதில் வரும்.

அவருடைய செட் கூவாது. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தம் சுற்றி 'கீ' என்று காதைக் கிழிக்குமே, அதைத்தான் கூவுவது என்கிறார்கள். அது தன் செட்டில் தானாக ஒருநாளும் வந்ததில்லை என்பதில் அவருக்குப் பெரிய கர்வம். வேண்டுமென்று கூவவிடுவது வேறு. கல்யாண ரிசப்ஷனில் குடித்துவிட்டு வந்த ஒரு சித்தப்பா மைக்கைப் பிடுங்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பெண்ணின் அப்பா மாமாவைத் திரும்பிப் பார்ப்பார். மாமா மிக்சரில் ஒரு கட்டையை மேலே தள்ளிக் கூவவிட்டு, எல்லோரும் காதைப் பொத்தும்போது மைக்கின் சத்தத்தை மொத்தமாக இறக்கிவிடுவார். சித்தப்பா மைக்கைத் திட்டிக்கொண்டே சாப்பிடப் போவார். உறவு முறியாது. குடித்தவருக்கும் மானம் மிஞ்சும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும். சின்னப்பா செட் கூவினால், இறங்க வேண்டிய யாரோ இறங்கவில்லை என்று அர்த்தம். பழியைச் செட் ஏற்றுக்கொள்ளும். செட்டை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். "அது ஒரு மரியாதை" என்பார் மாமா.

இந்த மரியாதையை அவர் ஒரு கல்லூரிக்குள்ளும் கொண்டுபோனார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

கல்லூரியின் பெயர் வேண்டாம். மூன்று வருடமாக மைதானத்தில் நடக்கும் நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் மாமாவின் செட்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் அங்கே கலை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருக்கும் பேராசிரியர் சீனிவாசராகவன். மல்லேஸ்வரத்துக்காரர். தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க வேலைக்கு வந்த குடும்பம். மாமாவோடு தமிழில்தான் பேசுவார். 'நீ' என்றுதான் பேசுவார். "நம்ம சின்னப்பா" என்று பிறரிடம் அறிமுகம் செய்வார். அந்த 'நம்ம'வைப் பற்றி மாமா வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்தக் கல்லூரியைச் சொல்லித்தான் வேறு இரண்டு கல்லூரிகளின் வேலையையும் அவர் பிடித்தார்.

மார்ச்சில் மாணவர் சங்கம் ஒரு நிகழ்ச்சி வைத்தது. மாமா சொன்னதையும் பிறகு வந்த வீடியோக்களையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மைதானத்தில் ஒரு மேடை, ஒரு மைக். யார் வேண்டுமானாலும் ஏறலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம். 'தடையில்லா மேடை' என்று மூன்று மொழியில் துணி கட்டியிருந்தார்கள்.

முதலில் கவிதை, பாட்டு, கேன்டீன் சாம்பார் பற்றிய புகார். பிறகு ரித்விக் என்ற மாணவன் ஏறினான். சிரிக்க வைப்பதில் பேர்போனவனாம். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் வகுப்பில் எப்படி ஆங்கிலம் பேசுவார்கள் என்று பேசிக் காட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, அவள் செமினாரில் திக்கித் திணறியதை அப்படியே நடித்தான். அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

சங்கத் தலைவி ஸ்ரீவித்யா மிக்சர் மேஜைக்கு ஓடி வந்தாள். "அண்ணா, ப்ளீஸ், மைக் கட் பண்ணுங்க. அவ அழறா."

மாமா நிமிர்ந்து பார்த்தார். ஒரு பெண் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். மேடையில் ஒருவன் இறங்காமல் நின்றான். அவருக்கு இது கல்யாண வீடாகத்தான் தெரிந்தது. கூவவிட்டு இறக்கினார்.

ரித்விக் காதைப் பொத்திக்கொண்டு, "ஏன் குரு, உன் செட்டுக்கும் இங்கிலீஷ் வராதா?" என்று கத்திவிட்டு இறங்கினான். அதற்கும் சிரித்தார்கள். "தேங்க்ஸ் அண்ணா, செம ஐடியா" என்றாள் ஸ்ரீவித்யா. மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த சீனிவாசராகவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறிது நேரம் கழித்து லவினா என்ற இரண்டாம் ஆண்டு மாணவி ஏறினாள். கல்லூரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் பெண்களை லிஃப்ட்டில் ஏறவிடுவதில்லை என்றாள். தண்ணீர் வாளியோடு ஐந்து மாடியும் படியில்தான் ஏற வேண்டும். போன வாரம் ஓர் அக்கா வாளியோடு விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் கான்ட்ராக்ட்காரரின் ஆள், எங்கள் ஆள் இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. "தினமும் நம்ம கிளாஸைக் கூட்டினவங்க அவங்க. அவங்க பேருகூட இங்க யாருக்கும் தெரியாது. அவங்க பேரு..."

சீனிவாசராகவன் மாமாவின் காதருகே குனிந்தார். "சின்னப்பா, அதே மாதிரி."

அவ்வளவுதான் சொன்னார். மாமாவின் கை தானாகப் போனது. செட் கூவியது. பிறகு லவினா மைக் இல்லாமலேயே பேசிக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் யாருக்கும் கேட்கவில்லை. சீனிவாசராகவன் மேடையேறி அதே மைக்கை வாங்கி, "டெக்னிகல் ப்ராப்ளம், இன்றைக்கு இத்தோடு முடித்துக்கொள்வோம்" என்றார். அவருக்கு மைக் உடனே வேலை செய்தது. அதை எல்லோரும் கவனித்தார்கள்.

மறுநாள் காலையில் வீடியோ வந்துவிட்டது. மாமாவின் கையை மட்டும் பெரிதாக்கி, கட்டை மேலே போவதையும் பிறகு செட் கூவுவதையும் மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் பெட்டியில் 'சின்னப்பா சவுண்ட்ஸ்' என்ற எழுத்தும் அதன் கீழே போன் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன. இந்த ஊரில் எல்லா மைக்செட்காரர்களும் பெட்டியில் நம்பர் எழுதித்தான் வைப்பார்கள். அதுதான் விளம்பரம்.

போன் ஓயவில்லை. ஒருவன் ஆங்கிலத்தில் திட்டினான். ஒருத்தி கன்னடத்தில் பாடம் நடத்தினாள். ரித்விக்கின் நண்பர்கள் வேறு தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார்கள். ஒருவன், "அண்ணா, எங்க ஹெச்.ஓ.டி. பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு. ஒரு தடவை வந்து கூவவிட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டான். மாமா அதை உண்மையான ஆர்டர் என்று நினைத்து, எந்த இடம் என்று கேட்டார்.

கல்லூரி தன் இணையப் பக்கத்தில் நாலு வரி போட்டது. வெளியிலிருந்து வந்த ஒலிபெருக்கிக்காரரின் கருவியில் கோளாறு, வருந்துகிறோம் என்று. அந்த வாரமே மற்ற இரண்டு கல்லூரிகளும் மாமாவை நிறுத்திவிட்டன. ஒன்று, மைக்கைக் கட் பண்ணுகிறவர் வேண்டாம் என்றது. இன்னொன்று, கோளாறு செட் வேண்டாம் என்றது.

மாமாவின் மனைவி தமயந்தி அத்தை ரிங் ரோட்டில் ஓர் ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார். வீடியோ வந்த அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டார்.

"ஊரே உன் கையத்தான் பாக்குது. அந்தப் பொண்ணு அப்படி இன்னாதான் பேசுச்சு?"

"லிஃப்ட்டு பத்தி."

"இன்னா லிஃப்ட்டு?"

மாமா சொன்னார். அத்தை விளக்குவதை நிறுத்தினார்.

"எங்களயும்தான் ஏத்தமாட்டான். சரக்கு லிஃப்ட்டுல போவச் சொல்றான், அது ரிப்பேர்னா படி. எனக்காக இத்தினி வருஷத்துல யாராவது வாயத் தொறந்தாங்களா? தொறந்த ஒரு பொண்ணையும் நீ போயி அமுக்கிட்டு வந்துகிறே."

"சார் சொன்னாரு."

"சார் சொன்னா என் வாயையும் பொத்துவியா?"

அத்தை மறுபடி பாத்திரத்தை எடுத்தார்.

"உழுந்தவங்க பேரு இன்னா?"

"பேரு சொல்றதுக்குள்ள இறக்கிட்டேன்."

அத்தை பாத்திரத்தைக் குழாயடியில் போட்ட சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

இரண்டு நாள் கழித்து சீனிவாசராகவன் போன் செய்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். பெரிய மனிதர்கள் பேசினால் அத்தையும் கேட்க வேண்டும் அவருக்கு.

"சின்னப்பா, பசங்க ரொம்பக் குதிக்கறா. நாளைக்கு ஹால்ல ஒரு திறந்த விவாதம் வெச்சிருக்கோம். யார் வேணா கேள்வி கேக்கலாம். நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. செட்டுல கோளாறு, மன்னிக்கணும்னு. முடிஞ்சுது. அடுத்த வருஷம் பூரா நீதான்."

"செட்டுல கோளாறு இல்லயே சார்."

"எனக்குத் தெரியாதா? ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே."

போனை வைத்த பிறகு அத்தையே சொன்னார்: "சொல்லிட்டு வந்துரு. பொய்யிக்கு செலவா ஆவப் போவுது? காலேஜ் போச்சுன்னா ஆடி மாசம் வரைக்கும் இன்னா செய்வே?" அவரைத் திட்டியதும் அத்தைதான், பொய் சொல்லிவிட்டு வரச் சொன்னதும் அத்தைதான். எனக்கு அது முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. லிஃப்ட்டில் ஏற்றப்படாதவர்களுக்குக் கோபமும் வேண்டும், பிழைப்பும் வேண்டும்.

விவாதத்தைக் கல்லூரி நேரலையில் காட்டியது. ஒளிவுமறைவு இல்லை என்று காட்டிக்கொள்ளத்தான். நானும் அத்தையும் என் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மேடையில் சீனிவாசராகவனும் ஸ்ரீவித்யாவும் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்பவர்களுக்கு நடுவழியில் ஒரு மைக். மாமா, மாதா கோயில் தேருக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். கையில் கல்லூரியின் மைக். அத்தனை வருடம் மைக்கோடு வாழ்ந்தவர் அதைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருந்தார்.

பாதி கன்னடம், பாதி தமிழாகப் பேசினார். அந்த ஹாலில் இரண்டும் புரியாதவர்கள் குறைவு.

"எல்லாருக்கும் நமஸ்காரா. அன்னிக்கு என் செட்டுல..."

"சண்டே பஜார் செட்டா அண்ணா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ரித்விக்தான். பழைய சாமான் விற்கும் சந்தையில் வாங்கியதா என்று கேட்கிறான். ஹால் சிரித்தது. சீனிவாசராகவனும் லேசாகச் சிரித்தார்.

"சிரிக்கட்டும் வுடு. நீ சொல்லிட்டு வாயா" என்றார் அத்தை, போனைப் பார்த்து.

மாமா மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"சண்டே பஜார் இல்லப்பா. ஒவ்வொண்ணா கடையில வாங்குனது. செட்டுல ஒண்ணும் இல்ல. நான்தான் இறக்கினேன்."

"கெட்டுது போ" என்று அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் போனை விட்டு நகரவில்லை.

இதை நான் சரியாகச் சொல்ல வேண்டும். மாமா அந்த இடத்தில் உண்மையைச் சொன்னது நியாயத்துக்காக இல்லை. பேச்சுரிமைக்காகவும் இல்லை. அவருடைய செட்டைப் பழித்தார்கள், அவரால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான். சிலருக்கு உண்மை அந்த வழியாகத்தான் வெளியே வரும் போலிருக்கிறது.

"யாரு இறக்கச் சொன்னாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"மொதல்ல இந்தப் பாப்பா சொல்லுச்சு, அந்தத் தம்பிய இறக்குன்னு." ஸ்ரீவித்யா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "சரி, ஒரு பொண்ணு அழுவுது, இறக்கினேன். அப்புறம் இன்னொரு பொண்ணு லிஃப்ட்டு பத்திப் பேசுச்சு. நான் எப்பவும் பேச்சக் கேக்கமாட்டேன். அன்னிக்கி காதுல உழுந்துச்சு. உழுந்தும் இறக்கினேன். அது பாவம், ஊமைச்சி மாதிரி வாய மட்டும் அசைச்சிக்கிட்டு நின்னுச்சு. அத இறக்கச் சொன்னது..."

நடுவழி மைக்கில் லவினா எழுந்து நின்றாள்.

"அண்ணா, அந்த வார்த்தை வேணாம்ணா. என் தம்பிக்குப் பேச்சு வராது."

கோபமாகச் சொல்லவில்லை. வலித்ததால் சொன்னாள். மாமா அடிவாங்கியவர் போல நின்றார். மைக்கோடு சேர்த்துக் கையைக் கூப்பினார்.

"ஐயோ, எனக்குத் தெரியாதும்மா. தப்புதான். மன்னிச்சிடும்மா."

"பரவால்லண்ணா. நீங்க சொல்லுங்க, யாரு..."

அதற்குள் சீனிவாசராகவன் எழுந்துவிட்டார். அழகான ஆங்கிலத்தில் பேசினார். ஒரு சொல் ஒருவரை எவ்வளவு காயப்படுத்தும் என்பதை இப்போது நம் கண்ணாலேயே பார்த்தோம் என்றார். இந்த வளாகத்தில் யாரையும் புண்படுத்தும் சொல்லுக்கு இடமில்லை என்றார். லவினாவின் துணிச்சலைப் பாராட்டினார். வந்தவர் மனமார மன்னிப்புக் கேட்டுவிட்டார், அதை ஏற்றுக்கொள்வதுதான் பண்பு என்றார். முதலில் கைதட்டியவள் ஸ்ரீவித்யா. பிறகு எல்லோரும் தட்டினார்கள். அடுத்து அவள் எழுந்து, மென்மையான மொழி பற்றி ஒரு பயிற்சி வகுப்பு நடத்தப்படும் என்று அறிவித்தாள்.

லவினா கையை ஆட்டிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கேட்கவில்லை. மாமா தன் கையிலிருந்த மைக்கை விரலால் தட்டிப் பார்த்தார். அதுவும் கேட்கவில்லை. யாரும் கூவவிடவில்லை. கல்லூரிச் செட்டுக்கு அது தேவையில்லை, ஒரு பொத்தான் போதும்.

"இன்னா, முடிஞ்சிடுச்சா?" என்றார் அத்தை. "யாருன்னு கேட்டாங்களே. அதுக்கு பதிலு?"

நான் இதைப் பலமுறை யோசித்தேன். லவினா சொன்னது சரி. அந்த வார்த்தை தப்பு. மாமா மன்னிப்புக் கேட்டதும் சரி. ரித்விக்கை நிறுத்த நினைத்ததில்கூட ஒரு நியாயம் இருந்தது. எல்லோரும் ஒரு சரியான காரியம் செய்தார்கள். எல்லாச் சரியும் சேர்ந்து ஒரு மனிதருக்கு மட்டும் உதவி செய்தன. மைதானத்தில் அவர் தன் கையால் எதையும் செய்யவில்லை. காதருகே குனிந்து இரண்டு சொல் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த நேரலையைக் கல்லூரி மறுநாள் எடுத்துவிட்டது. அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டிப் போட்டது. மாமா கைகூப்பி, "தப்புதான். மன்னிச்சிடும்மா" என்கிறார். மேலே, 'ஒலிபெருக்கிக்காரர் மன்னிப்புக் கோரினார்' என்று எழுதியிருந்தது. எதற்கு மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. மைக்கை நிறுத்தியதற்கு என்று பாதிப் பேரும், செட் கெட்டதற்கு என்று பாதிப் பேரும் எடுத்துக்கொண்டார்கள். ரித்விக் அதை வைத்து ஒரு சிரிப்பு வீடியோ போட்டான். அடுத்த வருட நிகழ்ச்சிகளுக்குச் சீனிவாசராகவன் கூப்பிடவில்லை. மாமா கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. ராஜ்யோத்சவக் கமிட்டிக்காரர்கள்கூட, "இந்த வாட்டி வேற ஆளு பாத்துட்டோம் சின்னப்பண்ணா, பேஜார் பண்ணிக்காதே, மனசுல வெச்சிக்காதே" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லவினா விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் சந்துக்கு வந்தாள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"அண்ணா, அன்னிக்கு நான் குறுக்க பேசியிருக்கக் கூடாது."

"இல்லம்மா. அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது."

"ரெண்டு வார்த்தை வெளிய போயி பேசியிருக்கலாம் உங்ககிட்ட. எனக்கு அது நெஞ்சுல பட்டுது, சொல்லிட்டேன். சாருக்கு அது லட்டு மாதிரி கெடச்சிடுச்சு."

அத்தை டீ கொண்டுவந்து வைத்தார். "உழுந்தாங்களே, அவங்க பேரு இன்னாம்மா?"

"மரகதம், ஆன்ட்டி."

"எழுந்து நடக்கறாங்களா?"

"இல்ல. வேற ஆளப் போட்டுட்டாங்க. அவங்களும் படிதான் ஏர்றாங்க."

அத்தை சுவரோரம் உட்கார்ந்தார்.

லவினா போனை எடுத்தாள். "அண்ணா, இப்ப சொல்லுங்க. யாரு இறக்கச் சொன்னாங்கன்னு முழுசா. நடுவுல யாரும் வரமாட்டாங்க. நான் போடறேன்."

"போட்டா உன்ன காலேஜ்ல வெப்பாங்களா?" என்றார் அத்தை.

"வெக்கலன்னா போகட்டும்."

"உனக்குப் போகட்டும்மா, வேற காலேஜ் இருக்கு. இவருக்கு?"

"எனக்கு இன்னும் போறதுக்கு இன்னா இருக்குது?" என்றார் மாமா. தலையைக் கோதிக்கொண்டார். "எந்த வார்த்தையில சொல்லணும், அத மட்டும் சொல்லிக்குடு. மறுபடி ஏதாவது உளறிட்டேன்னா, அதையே புடிச்சிக்குவாங்க."

"உங்க வார்த்தையிலயே சொல்லுங்கண்ணா."

"அதான் பயமா இருக்குது."

இருந்தும் நிமிர்ந்து உட்கார்ந்தார். போனில் எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டார். லவினா காட்டினாள்.

"என் பேரு சின்னப்பா" என்று ஆரம்பித்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. தெரியாத நம்பர். மைக்செட்காரர் எந்த நம்பரையும் விடமாட்டார். பழக்கத்தில் எடுத்துவிட்டார். எதிர்முனையில் ஒரு பெரியவர் கன்னடத்தில் சத்தமாகப் பேசினார்; எங்களுக்கும் கேட்டது. "சவுண்ட் சின்னப்பாதானே? ஆனேக்கல்லிலிருந்து பேசுகிறேன்..."

"ராங் நம்பர்" என்று மாமா கட் செய்தார்.

செய்துவிட்டு, தான் என்ன செய்தோம் என்று புரியாதவர் போலப் போனைப் பார்த்தார்.

"ஆனேக்கல்லுன்னாரேய்யா" என்றார் அத்தை. "ஆர்டரா இருந்தா?"

"ஆர்டராத்தான் இருக்கும்."

"திருப்பிப் போடு."

மாமா போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார். லவினா, "மறுபடி பேருலேந்து ஆரம்பிக்கலாமாண்ணா?" என்று கேட்டாள்.

"பேரு வேணாம்மா. பேரு இல்லாம சொல்றேன்."

"பேரு இல்லாம சொன்னா யாருண்ணா நம்புவாங்க?"

"பேரோட சொன்னப்ப நம்பினாங்களா?"

லவினா தன் போனைப் பைக்குள் வைத்தாள். டீயைக் குடித்து முடித்துவிட்டு, அத்தையின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

மாமா இப்போது பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறார். தகடு அடிக்கும் மெஷினில் வேலை. சத்தம் அதிகம் என்பதால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் பஞ்சை எடுப்பதில்லை. அத்தை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது.